பெரியவருக்கு ஒரு சில்லு

“இதுவும் போச்சு, தங்கச்சி,” என்றான் அனிஷ்.

சந்தனச்செல்வி எட்டிப் பார்த்தாள். தட்டில் வெள்ளையாக ஒரு பீங்கான் சில்லு, நடுவில் விரிசல். இது பதினோராவது. வேம்பாரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

அனிஷுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் பீங்கான் எலும்பு அச்சடிப்பது அவன் வேலை. எலும்பில் உள்ள அதே சுண்ணாம்புச் சத்துப் பொடியை மாவாகப் பிசைந்து கொடுத்தால், மெஷின் இடியாப்பம் பிழிகிற மாதிரி இழை இழையாகப் பிழிந்து அடுக்கும். சில்லு முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். உடம்புக்குள் வைத்தால் அந்தத் துளைகளுக்குள் சொந்த எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் விளிம்போடு விளிம்பு ஒட்டி உட்கார வேண்டும். ஒரு நூல் இடைவெளி விழுந்தாலும் பிடிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சொல்வதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால்தானே தெரியும் கஷ்டம்! உலையில் சுட்டால் சில்லு ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதைக் கணக்குப் பண்ணி முதலிலேயே பெரிதாகப் பிழிய வேண்டும். இந்தப் பாழாய்ப்போன கடல்காற்றில் ஒரு பக்கம் காயும், மறுபக்கம் காயாது. அப்படியே உலைக்குள் போனால் பிளந்துகொள்ளும். ஒரு வருடமாக இதே கூத்து.

செல்வி முதன்முதலில் வந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். வேம்பார் சாலையில் பைக்கில் போகையில் லாரி இடித்துத் தலையில் அடி. மூளை வீங்கியதால் மண்டையோட்டில் மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் மூளைக்கு மேலே இப்போது வெறும் தோல்தான்.

யாருக்கு, பெயர் என்ன என்று அனிஷ் கேட்டான்.

“எங்க மாமா பேரு. நான் சொல்லக் கூடாது. நீங்களே வாசிச்சிக்கிடுங்கண்ணே,” என்றாள்.

சீட்டில் ஒரு நம்பரும், அய்யாக்குட்டி என்ற பெயரும் மட்டும் இருந்தன. கடற்கரைத் தெருவில் வளர்ந்த அனிஷுக்கு, மாமனார் பேரை மருமகள் சொல்லாத இந்த வழக்கம் புதிது. சிரித்துக்கொண்டான். ஸ்கேனில் ஓட்டையைச் சுற்றிய பகுதியை மட்டும்தான் அனுப்பியிருந்தார்கள். எலும்பு மெலிசாக இருந்தது. வயசானால் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவள் வாயில் எப்போதும் பெரியவர்தான். பெரியவரு ஓரிடத்துல இருக்க மாட்டேங்காரு, சுவரைப் பிடிச்சிக்கிட்டு எந்திரிக்காரு, உசுரே போவுது என்பாள். தலை குப்புற ஒரு தடவை விழுந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே விழித்துக் கிடப்பாளாம். மாமனாருக்காக இப்படி உருகுகிற மருமகளை அனிஷ் எங்கேயும் கண்டதில்லை.

இன்று அவன் மறைக்காமல் சொல்லிவிட்டான். மாசக் கடைசியோடு ஆராய்ச்சியை மூடுகிறார்கள், உலையைக் கழற்றிச் சென்னைக்கு ஏற்றப்போகிறார்கள், மிச்சமிருக்கும் பொடி ஒரே ஒரு சில்லுக்குத்தான் வரும்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை இறக்கி, “இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாவ டாக்டரு,” என்றாள்.

“எதுக்கு? இந்த வயசுல தலை மாறவா போவுது? பாவம், அவர அலைய விடாதிய.”

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் தலையாட்டினாள்.

கடைசிச் சில்லை அனிஷ் ஈரத்துணி போட்டு மூடி, எட்டு நாள் மெல்ல மெல்லக் காயவைத்தான். உலையைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான். ஒரு கீறல் இல்லை. ஸ்கேனைப் பார்த்துச் செய்துவைத்திருந்த பிளாஸ்டிக் மாதிரியில் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. உடனே செல்விக்குப் போன் போட்டு, பெரியவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னான். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

மறுநாள் உலையை ஏற்றிய லாரி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் சிரித்து அனிஷ் பார்த்தான்.

“பெரியவரு எங்க, தங்கச்சி? பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துட்டாரா?”

“இந்தா இருக்காருல்லா,” என்று குழந்தையை இறக்கிவிட்டாள். தலையில் மெத்தென்ற தொப்பி கட்டியிருந்த அந்தப் பயல், அனிஷின் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். “மாமா செத்து ரெண்டு வருசமாச்சுண்ணே. அவுக பேரத்தான் இவருக்கு விட்டிருக்கு. அந்தப் பேரச் சொல்லி நான் எப்படிக் கூப்பிட?”

அனிஷ் மேசைமேல் இருந்த சில்லைத் திரும்பிப் பார்த்தான். “அந்த ஸ்கேன் எடுக்கும்போது இவனுக்கு…”

“எட்டு மாசக் கைப்புள்ள,” என்றவள், மகனின் தொப்பியை அவிழ்த்துத் தலையைப் பெருமையாகத் தடவிக்கொடுத்தாள். “ஒரு வருசத்துல எம்புட்டு வளந்துட்டாரு பாத்தியளா.”