ஹார்ப்சிகார்டின் சத்தம்

அது மழைக்காலம் என்றுதான் நினைவு. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் ராக் குழுவின் மூன்றாவது ஆல்பத்துக்காகப் பாடகி ஷெரில் ஒரு பழைய ஹார்ப்சிகார்டைக் கொண்டுவந்தாள். பார்க்கப் பியானோ மாதிரி. ஆனால் கட்டைகளை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் அதே சன்னமான ஒலிதான். அது காதில் விழவேண்டும் என்று நான் பேஸ் கிடாரைத் தணித்தேன். டிரம்ஸ் வாசிக்கும் கஜேந்திரன் குச்சிகளை வைத்துவிட்டு, மெல்ல ஒலிக்கும் கம்பிப் பிரஷ்களை எடுத்தான், பிறகு வெறும் விரல்களால் தட்டினான். பதினோரு முறை வாசித்துக் களைத்திருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா, கஜா," என்றாள் ஷெரில்.

"இதுக்கு மேல மெதுவான்னா நான் வீட்ல இருந்துதான் வாசிக்கணும்."

சிரித்தோம். அடுத்த முறை அவன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணித் தொடங்கிவைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். பாட்டு முடியும்வரை அவன் தட்டவே இல்லை. நாங்கள் செய்ததிலேயே நல்ல பாட்டு அதுதான்.

"இதையே வச்சுக்குங்க," என்றான் கஜேந்திரன்.

வைத்துக்கொண்டோம். தொடக்கத்தில் அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணியதை மட்டும் வெட்டினோம். ஷெரில் இப்போது விளம்பரங்களுக்குப் பாடுகிறாள். நான் வங்கியில் இருக்கிறேன். கஜேந்திரன் கோயம்புத்தூரில் டயர் கடை வைத்திருக்கிறான், வாசிப்பதில்லை.