ஒரு பம்கூடத் தப்பவில்லை

"பம்... பம்... பம்... இவ்வளவுதானா? பாட்டு எப்பம்மா வரும்?" என்றார் ஏலக்காரர்.

காய்கறி மண்டியில் ஏலம் விடுகிற மனிதர். ரகசியம் பேசினாலே எதிர்வீட்டிலிருந்து பதில் வரும்.

"பாட்டெல்லாம் கிளாரினெட்காரங்களுக்குப்பா. எனக்கு இதுதான்" என்றாள் மகள், டியூபாவுக்குப் பின்னாலிருந்து. பள்ளிக்கூட பேண்டில் ஆளையே மறைக்கிற அந்தப் பித்தளைக் குழலைத் தூக்கத் தெம்புள்ளவள் அவள் ஒருத்திதான்.

"எம் பொண்ணுக்கு மட்டும் பம்மா? மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"ஐயோ, மானத்தை வாங்காதீங்கப்பா! என் பம்மைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குட்டிப் பசங்க வாசிக்கிறாங்க. நான் விட்டா மொத்தப் பாட்டும் குப்புற விழுந்துடும்."

மாஸ்டரைப் பார்க்கப் போகும் யோசனையை அவர் அப்போதே விட்டுவிட்டார். அன்று முதல் தினமும் அவள் ஊத ஊத, எதிரில் உட்கார்ந்து தொடையில் தட்டினார். பல் துலக்கினாலும் பம் கணக்குத்தான்.

"ஒருத்திக்குப் பைத்தியம் பிடிச்சது போதாதா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கச்சேரி அன்று பள்ளிக்கூட அரங்கில் இரண்டாவது வரிசை. மாஸ்டர் குச்சியைத் தூக்கியதும் ஏலக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். கடவுளே, பிள்ளை எங்கேயும் விட்டுடக் கூடாது.

டியூபாவுக்குப் பின்னால் மகளின் முகம்கூடத் தெரியவில்லை. ஆனால் பம் கேட்டது. கிளாரினெட்டுகள் என்ன வாசித்தன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. குட்டிப் பசங்கள் நடுவில் தறிகெட்டு ஓடப் பார்த்தார்கள். பம் அவர்களை இழுத்துப் பிடித்து நிறுத்தியது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்கவே வெகுநேரமாயிற்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"எதுக்கும்மா அழற? ஒரு பம்கூடத் தப்பல! அத்தனை பேர் ஊதியும் எம் பொண்ணு பம் எனக்குத் தனியாக் கேட்டுச்சு!"

"இல்லப்பா... முதல் வரியிலேயே வால்வு சிக்கிக்கிச்சு. எவ்வளவு ஊதியும் சத்தமே வரல. நான் ஒரு பம்கூட வாசிக்கல!"

"என்னது?"

"ஆனா பம் மட்டும் நிக்கவே இல்லப்பா. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் கரை சேர்ந்தாங்க. யாருன்னே தெரியல."

முன்வரிசைக்காரர் பிடரியைத் தேய்த்துக்கொண்டே திரும்பினார்.

"என்னைக் கேளும்மா, நான் சொல்றேன். பாட்டு முழுக்க அது உங்கப்பா வாயிலேர்ந்துதான் வந்துச்சு!"