வீட்டின் சாட்சி

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அதிகாரியம்மா சோபாவில், எதிரே பெஞ்சில் செண்பகவல்லியும், அவள் கைமேல் கை வைத்தபடி கணவன் மத்தேயுஸும். நான்காவதாக, சாட்சி சொல்ல அந்தப் பேசும் வீடு. அதற்கு இருக்கை வேண்டாம்; குரல் மட்டும்தான். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கொடுக்குமுன் வீட்டை விசாரிப்பது சட்டம்.

"ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்காங்களா?" என்று வீட்டைக் கேட்டாள் அதிகாரியம்மா.

"இருக்காங்க மேடம். வெள்ளிக்கிழமை தவறாம பூ வாங்கிட்டு வருவாரு. அக்காவுக்குக் காய்ச்சல்னா கஞ்சி வைப்பாரு."

செண்பகவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை.

"தானாவா செய்வாரு?"

"நான்தான் ஞாபகப்படுத்துவேன். பூ, கஞ்சி, இப்ப கையைப் பிடிச்சிருக்கிறது, எல்லாம் அவரு பாஷையில எங்கிட்ட சொல்லி வச்சிருக்காரு. அனுமதி வந்த மறுநாள்ல இருந்து ஞாபகப்படுத்த வேண்டாம்னாரு."

அவன் தன் பாஷையில் பேச ஆளில்லாமல் ஏங்கக் கூடாதென்று வீட்டை அந்தப் பாஷையைப் படிக்க வைத்தவளே செண்பகவல்லிதான். விடியற்காலையில் அவன் முணுமுணுப்பதைக் கேட்டு, ஊர் ஞாபகம் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டிருக்கிறாள்.

அதிகாரியம்மா எழுந்தாள். "சேர்ந்து வாழ்றதுக்குச் சாட்சி ஆச்சு. சட்டத்துக்கு அது போதும். இனி உங்களுக்குச் சம்மதமா இல்லையான்னு கைப்பட எழுதி அனுப்புங்கம்மா."

அவள் போனதும் மத்தேயுஸ் சொன்னான்: "மறந்துருவேன்னு பயம், செண்பா."

"அனுமதி வந்துட்டா மறதி போயிருமாக்கும்?"

செண்பகவல்லி கையை உருவிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பழகியபடி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக எழுதினாள். கீழே ஒரே வரி: எனக்குச் சம்மதமில்லை. உறையை ஒட்டி, வாசலில் நின்ற தபால் வண்டியில் போட்டாள்.

"வீடே, என்ன எழுதினேன்னு அவரு பாஷையிலயே அவருக்குச் சொல்லிரு" என்றாள். வண்டி தெருமுனையைத் தாண்டியது.