சுகிர்தா வீட்டு விளக்கு

பக்கத்து வீட்டு மாடிச் சுவரில் அந்த வெள்ளை விளக்கு பளீரென்று எரிந்ததும் சிவப்ரியா பல்லைக் கடித்தாள். தொலைநோக்கியோடு பொருத்தியிருந்த கேமரா இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படமும் பாழ்.

கீழே வாசலில் நின்ற சுகிர்தா, சுவிட்சைத் தட்டிய கையை மேலே தூக்கி ஆட்டினாள். நான்தான் போட்டேன், என்ன செய்துவிடுவாய் என்று கேட்பதைப் போல இருந்தது. சிவப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லேப்டாப் திரையில் லகூன் நெபுலா வெளுத்துப்போய்க் கிடந்தது. அவள் ஊரான கோவில்பத்தின் வானத்தில் வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. இருட்டில் தொலைநோக்கியை அதன் மேல் நிறுத்தி, சில நிமிடங்களுக்கு ஒன்றாகப் படம் படமாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த வாயு மேகத்தின் சிவப்பு மெல்ல எழுந்து வரும்.

பாண்டியில் அடுத்த மாதம் நடக்கும் வானியல் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள், கீழே அவள் பெயரோடு. இன்னும் ஓர் இரவுக்கான படங்கள் பாக்கி. இந்த அமாவாசையை விட்டால் நெபுலா மேற்கே சரிந்துவிடும். பிறகு ஐப்பசி மழை.

அவள் கணவன் கார்த்திகேசன் மாடிப்படி ஏறி வந்தான்.

“திரும்பவும் போட்டுட்டாளா?”

“நீங்க அவகிட்ட பேசினீங்களா இல்லியாங்க?”

“பேசாம இருப்பேனா? நேத்துகூட பேசினேன். ‘எங்க வீடு, எங்க கரண்ட்டு. ஒங்க பொண்டாட்டிக்கு இருட்டு வேணும்னா சுடுகாட்டுல போயி நிக்கச் சொல்லுங்க’ங்குறா.” சுகிர்தாவைப் போலவே குரலை மெலிதாக்கி, கழுத்தை ஒடித்துக் காட்டினான்.

“வேற என்ன சொன்னா?”

“விடு. அதெல்லாம் ஒனக்கெதுக்கு.”

“சொல்லுங்க.”

“புள்ள குட்டி இல்லாதவளுக்குப் பொழுது போக வேணாமான்னு கேட்டா.”

சிவப்ரியா கேமராவின் குளிர்ந்த உலோகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். குடிவந்து ஆறேழு மாதமாகியும் சுகிர்தாவோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை காய்கறி வண்டியருகே சுகிர்தா சிரித்தபோதுகூட, இவள் பார்க்காதவள் போல வந்துவிட்டாள். பழகாத ஒருத்திக்குத் தன்னை எங்கே குத்தினால் வலிக்கும் என்று இவ்வளவு சரியாகத் தெரிந்திருப்பதுதான் தாங்க முடியவில்லை.

பள்ளியில் ஒளிவிலகல் பாடம் நடத்தும்போதும் அவள் மனதுக்குள் சுகிர்தாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். புதுப் புது வசவுகள் தோன்றும். உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பாள். தனக்குள் இவ்வளவு விஷமா என்று பயமாகவும் இருக்கும், பழகியும் போயிருந்தது.

“விழிதியூர் வயல் பக்கம் நல்ல இருட்டா இருக்கும், அங்க போயிடலாமாங்க? ஒரே ஒரு நாள் மட்டும். நீங்க தொணைக்கு இருந்தா போதும்.”

“பாம்பு கெடக்குற எடம். இந்தப் பாரத்தையெல்லாம் யாரு தூக்குறது?”

“அப்ப நானே போயி அவள நேரா கேக்குறேன்.”

“நீ போகாத. அவ வாய்க்கு ஒன்னால ஈடு குடுக்க முடியாது. எதுவா இருந்தாலும் நான் பேசிக்கிறேன்.” அவள் தோளைத் தட்டினான். “பாண்டிக்கு இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம். இதெல்லாம் ஏறக்கட்டிட்டுக் கீழ வா. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தோசை ஊத்திடு.”

அவன் இறங்கிப் போனதும் சிவப்ரியா ஒரு பழைய புடவையைக் கொடியில் விரித்து வெளிச்சத்தை மறைக்கப் பார்த்தாள். கடற்காற்று அதை ஒரே இழுப்பில் பறித்துக்கொண்டு போய்ச் சுகிர்தா வீட்டு வாசலில் போட்டது. அதுவும் அவளிடமே போய் விழுந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் அடக்கியது உடைந்தது.

தடதடவென்று இறங்கினாள். குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டு கேட்டைத் தள்ளினாள்.

சுகிர்தா புடவையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “வாங்கக்கா” என்றாள்.

“நான் ஒண்ணும் விருந்துக்கு வரல.” சிவப்ரியாவுக்கு மனப்பாடம் செய்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “நான் ஒனக்கு என்ன பாவம் பண்ணினேன்? நான் மாடிக்குப் போனா லைட்டப் போடுற. எறங்கிட்டா அணைக்கிற. அதுல ஒனக்கு அப்படி என்ன கெடைக்குது?”

புடவை மடித்த கைகள் அப்படியே நின்றன. சுகிர்தா விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குழப்பத்தோடு இவளைப் பார்த்தாள்.

“ஏன்க்கா, வெளிச்சம் பத்தலையா? மாடி இருட்டு ஒங்களுக்கு ரொம்ப பயம், மறக்காமப் போட்டுடும்மான்னு ஒங்க வீட்டு அண்ணன்தானே சொன்னாங்க.”