இரண்டு விரற்கடை

ஜாவாவில் ஒரு குட்டி அரண்மனை. விழா நாளில் அரசரும் டச்சு அதிகாரியும் சம உயரத்தில் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். அதிகாரியின் ஆள் காலையிலேயே வந்து, இரண்டு நாற்காலிகளையும் கோல் வைத்து அளந்துவிட்டுப் போனான்.

"போயிட்டானா?" என்று கேட்டது, தரையில் சாதுவாகக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தை.

"போயிட்டான், ஏறிக்கோ," என்றது அரசரின் நாற்காலி. "நம்ம ராஜாவுக்குக் கூன் விழுந்திருச்சு. நீ தூக்கிவிடலேன்னா, சனங்க கண்ணுக்கு வெள்ளைக்காரன்தான் ராஜாவாத் தெரிவான்."

மெத்தை ஏறி, முடிந்தமட்டும் உப்பிக்கொண்டது. அரசர் வந்து அமர்ந்தார். அதிகாரியைவிட இரண்டு விரற்கடை உயரம். சனங்கள் பூரித்துக் கும்பிட்டார்கள்.

"எப்படி இருக்காரு?" என்று மூச்சுத் திணறக் கேட்டது மெத்தை.

"கால் தரைக்கு எட்டல," என்றது நாற்காலி. "சந்தோஷமா ஆட்டிக்கிட்டிருக்காரு."