பாப்பா தூங்குறா

“பாப்பா தூங்குறா அண்ணி.”

“சாயங்காலம் ஆறு மணிக்கா?”

“மதியம் தூங்கல. அதான்...”

“வீடியோவுலயாவது காட்டேன்.”

“கேமரா இன்னும் ரிப்பேர்தான் அண்ணி.”

விடுதிக் கட்டிலில் போனை விட்டெறிந்தாள் அவள்.

அறைத்தோழி சிரித்தாள். “ஒரு வருஷமா இதே பதில்! உன் பொண்ணு என்ன, ராத்திரி வாட்ச்மேன் வேலைக்கா போறா?”

“சிரிக்காதே. என் நாத்தனாருக்குக் கல்யாணம் தட்டிக்கிட்டே போகுது. என் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிக்கப் பாக்குறா.”

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்ததும் நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவள் அவள். கட்டணம், விடுதி, புத்தகம், விட்டுவிட்டு வந்த வேலையின் சம்பளம் வரைக்கும் கூட்டிப் பார்த்துத்தான் கிளம்பினாள். கணவன் லாரி ஓட்டுபவன். வீட்டில் கால் தரிக்காது. ஊரோ ரெண்டு நாள் ரயில் தூரம். லீவிலும் ஆய்வகத்தில் வேலை பார்த்தால்தான் அடுத்த கட்டணம் கட்ட முடியும். ரெண்டு வருஷமாக ஊருக்கே போகவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்!

வீட்டு வாசலில் நின்றே போன் போட்டாள்.

“பாப்பா என்ன பண்றா?”

“தூங்குறா அண்ணி.”

ஜன்னல் வழியே நன்றாகத் தெரிந்தது. நாத்தனார் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள் பாப்பா.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“முழிச்சுக்கிட்டே தூங்குறாளோ?”

நாத்தனார் பாப்பாவை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள்.

“பாப்பா... அம்மாடி... வா!”

நீட்டிய கையைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டு, அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“போகச் சொல்லு அத்தை!”

“பாவி! பெத்தவளையே யாருன்னு தெரியாம ஆக்கிட்டியேடி!”

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கேமரா நல்லாத்தான் இருக்கு அண்ணி. இவளுக்குப் பேச்சு வந்ததுலேர்ந்து, போன்ல உங்க முகம் தெரிஞ்சாலே, ‘இந்த ஆன்ட்டி வேணாம்’னு அழுவா. தினமும் உங்க போட்டோவக் காட்டி, ‘அம்மாடா, அம்மாடா’ன்னு சொல்லிக்குடுத்துப் பாத்துட்டேன், ஏறல. இவ அப்படி அழுறது உங்க காதுல விழுந்தா அன்னைக்கே படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்க. அதான், கெட்ட பேரு என்னோட போகட்டும்னு இருந்துட்டேன்.”