வரிசையில் நாற்பத்திரண்டாவது

"ஃபோனை வச்சுடாதடி லியான்! கிடைச்ச இடத்தை விட்டுட்டா மறுபடியும் வரிசை வாலுக்குத்தான் போகணும்!"

கத்திக்கொண்டே உள்ளே வந்த பக்கத்து வீட்டு பெரில், நனைந்த குடையைக் கதவில் மாட்டிவிட்டுச் சமையலறை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வைக்கல ஆன்ட்டி. சத்தத்தைக் கூட்டினேன்."

மேஜை மேல் கிடந்த ஃபோனில் வயலின் இழுத்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் உதவித்தொகை அலுவலகம். பெரில் எந்தச் சாயங்காலம் எட்டிப் பார்த்தாலும் இதே வயலின்தான்.

"நீங்கள் வரிசையில் நாற்பத்திரண்டாவது" என்றது ஓர் இயந்திரக் குரல்.

"பிள்ளைக்கு எடை பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. இன்னும் அரைக் கிலோ குறைஞ்சா மூக்கு வழியா குழாய் போட்டுடுவோம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"சனி, ஞாயிறு என்ன சாப்பிட்டா?"

"வெறும் பால்தான்."

பெரில் பல்லைக் கடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த லியானின் ஆறு வயது மகள் ஹேட்டிக்கு ஆட்டிசம். பேச்சு கொஞ்சம், சாப்பாடு அதைவிடக் கொஞ்சம். பட்டாணி ஒன்று உருளைக்கிழங்கு மசியலை இடித்துவிட்டால் தட்டு தரைக்குப் போய்விடும். பிள்ளை துரும்பாய்க் கரைகிறது, ஆபீஸ்காரன் என்னடாவென்றால் வயலின் வாசிக்கிறான்!

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ச் சந்தையில் நாற்பது வருஷம் திரைச்சீலைத் துணி விற்றவள் பெரில். எதிராளி வாயைத் திறப்பதற்குள் விலையை முடித்துவிடுவாள்.

"போன தடவை நீ என்ன தப்பு பண்ணினே, ஞாபகம் இருக்கா? நாப்பது பக்க ஃபாரம். முதல் பக்கத்துலயே 'என் பொண்ணு தங்கம்'னு எழுதி வச்சே. தங்கத்துக்கு எதுக்குடி உதவித்தொகை? தள்ளுபடி பண்ணிட்டான்."

"உண்மையைத்தானே ஆன்ட்டி எழுதினேன்?"

"உண்மையாம், உண்மை! வெயில்ல வெளுத்த துணியை, 'இந்த வருஷம் இந்தக் கலர்தான் ஓடுது'ன்னு வித்தவ நான். இங்க எல்லாமே தலைகீழ். நல்ல சரக்கைக் கையில வச்சுக்கிட்டு, ஓட்டை, கிழிசல், சாயம் போகும்னு நாமளே கூவணும். அப்பத்தான் அவன் பையில கை விடுவான். எங்கே, நான் ஆபீஸர்னு வச்சுக்கோ. 'உங்க பொண்ணு தானா சட்டை போட்டுக்குவாளா?'"

"போட்டுக்குவா..."

"போச்சு! வியாபாரம் முடிஞ்சுது! எத்தனை மணி நேரம் கழிச்சு? கழுத்துல இருக்கிற லேபிளை வெட்டின பிறகா, முன்னாடியா? எத்தனை சட்டையை ஜன்னல் வழியா எறிஞ்சா? அதைச் சொல்லுடி!"

"ஆன்ட்டி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"குறுக்கே பேசாதே. தூக்கம்? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பா?"

"நீங்கள் வரிசையில் இருபத்தொன்பதாவது."

லியான் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஸ்பூனை எடுத்தாள். பெரில் விடாமல் பாடம் நடத்தினாள். குளியல், பல் தேய்ப்பது, பஸ்ஸில் ஏறுவது என்று ஒவ்வொன்றையும் எப்படி மட்டம் தட்டவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நடுவில் ஹேட்டியின் தட்டைப் பார்த்தால், மசியலில் பெரும்பகுதி காணோம். தன் பேச்சுக்கு அப்படி ஒரு ராசி என்று பெரிலுக்குப் பெருமையாக இருந்தது.

"நீங்கள் வரிசையில் பன்னிரண்டாவது."

ஒரு ஸ்பூன் உள்ளே போயிற்று. அடுத்த நொடி, படக்கென்று வயலின் நின்றது.

"வணக்கம், நான் நைஜல். காத்திருந்ததுக்கு நன்றி. இன்னிக்குப் புதுசா ஆளுங்களைச் சேர்த்திருக்கோம். இனிமே யாரும் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்ல!"

லியானின் முகம் வெளிறியது. "ஐயோ, அதுக்குள்ளயா!"

ஹேட்டி வாயை இறுக மூடிக்கொண்டு தட்டைத் தள்ளினாள். லியானை நம்பினால் காரியம் கெட்டுவிடும் என்று பெரில் ஃபோனைப் பிடுங்கினாள்.

"நைஜல் தம்பி, நல்லா கேட்டுக்கோ. இந்தப் பிள்ளை சட்டை போடாது, பல்லு தேய்க்க விடாது, ரோட்டுல கார் வந்தா ஒதுங்காது, காரைக் கட்டிப்பிடிக்கப் போகும்! மேல் விகிதத்துக்கு, அதான் முழு உதவித்தொகைக்கு, ஒரு பென்னி குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்!"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, இந்த நம்பருக்குப் பிப்ரவரியிலயே மேல் விகிதம் கொடுத்தாச்சே! வாரா வாரம் பணம் போய்க்கிட்டுத்தானே இருக்கு? அதுக்கப்புறமும் எழுபத்தொரு தடவை கூப்பிட்டிருக்கீங்க. நாங்க எடுத்த உடனே வச்சுடறீங்க. எங்க மேல ஏதாவது புகாரா?"

பெரில் லியான் பக்கம் திரும்பினாள். லியான் காது வரை சிவந்து, ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"புகாரெல்லாம் இல்ல சார். நீங்க எடுத்துடறதுதான் பிரச்சினை. அந்த நம்பர் ஒவ்வொண்ணா குறையும்போது மட்டும்தான் என் பொண்ணு வாயைத் திறக்கறா. ரெக்கார்டு பண்ணிப் போட்டா, 'இது செவ்வாய்க்கிழமை ஓடினது'ன்னு கண்டுபிடிச்சுடறா. நீங்க லீவு விட்டா அன்னிக்கு வெறும் பால்தான். இன்னும் பதினோரு வாய் பாக்கி இருக்கு. தயவு பண்ணி எங்களை மறுபடியும் வால்லயே போட்டுடுங்களேன்..."

விசைப்பலகை தட்டும் சத்தம் மறுபடியும் கேட்டது.

"ஒன்பது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேம்மா. எங்களால உடனே கொடுக்க முடிஞ்ச ஒண்ணை இன்னிக்குத்தான் நீங்க ஒருத்தர் கேட்டிருக்கீங்க" என்றான் நைஜல். வயலின் மறுபடியும் தொடங்கியது.